உகாண்டாவில் நம் ஊர் அடிபம்பு

பதினெட்டு வயதில் ரிக் வண்டியில் ராடு மாட்டும் வேலைக்குப் போனேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன்களுக்கு அது புதிதல்ல. எங்கள் ஊர் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட இந்தியா முழுக்கப் போகும், கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. ஆறு ஆண்டுகள் அலைந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அடிபம்பு பழுதுபார்க்கும் வேலையில் உட்கார்ந்தேன். இருபது ஆண்டுகளாக அதுதான் எனக்குச் சோறு போட்டது. வடக்கு உகாண்டாவில் கிராமக் குடிநீர்ப் பணிக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று ஒரு நண்பர் சொன்னபோது, எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

"ஏனுங்க, இங்கேயே ஆயிரம் அடி ஓட்டை போட்டும் புழுதிதான் பறக்கிறது. அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. நல்ல தண்ணீருக்கு ஒரு குடம், உப்புத் தண்ணீருக்கு ஒரு குடம் என்று பிரித்து வைத்து வளர்ந்த வீடு எங்களுடையது. என் அம்மாவின் இடுப்பில் குடம் உட்கார்ந்த இடம் கடைசி வரை காய்த்தே இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவன் போகாமல் வேறு யார் போவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் விண்ணப்பித்த அமைப்பு இரண்டு வாரப் பயணத்துக்குப் பெரிய தொகை கேட்டது. தங்குமிடம், சுற்றிப்பார்க்கும் இடங்கள், கிராமத்துக் குழந்தைகளோடு படம் எடுக்கும் நாள் எல்லாம் பட்டியலில் இருந்தன. உனக்கு என்ன வேலை தெரியும் என்று மட்டும் கடைசி வரை கேட்கவில்லை. விலகிக்கொண்டேன். இரண்டாவது அமைப்பு காணொளியில் முக்கால் மணி நேரம் என்னைக் குடைந்தது. எத்தனை முறை குழாய் தூக்கியிருக்கிறீர்கள், கிணற்றுக்குள் தண்ணீரை மேலேற்றும் சிலிண்டரின் வாஷர் தேய்ந்தால் எப்படித் தெரியும், குழாய்களை இணைக்கும் திருகு நூலில் கசிந்தால் என்ன செய்வீர்கள்? அந்தக் கேள்விகளைக் கேட்டவுடனே இவர்களை நம்பலாம் என்று முடிவு செய்தேன். இப்படிப் போக நினைப்பவர்கள் இதை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை இரண்டு மாதம் இழுத்தது. பாஸ்போர்ட், காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஊசிக்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே செல்லும் என்பதால் டிக்கெட் தேதியை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரை தனி. எனக்குக் கொடுத்த டாக்சிசைக்ளினை ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் விழுங்கினேன். சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்க்கக் கூடாது என்று அமைப்பினர் கண்டிப்பாகச் சொல்லி, உரிய அனுமதியை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

கோவையிலிருந்து ஷார்ஜா வழியாக உகாண்டாவின் என்டெபே விமான நிலையம். அங்கிருந்து தலைநகர் கம்பாலா, பிறகு கருமாவில் நைல் நதியைத் தாண்டி வடக்கே அச்சோலி மக்களின் நாடு. இருபது ஆண்டு உள்நாட்டுப் போரில் முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, 2006-க்குப் பிறகு மெல்ல மெல்லச் சொந்த ஊர் திரும்பியவர்கள். முகாம் இருந்த இடத்தில் பம்பு இருக்கும், திரும்பிப் போன ஊரில் இருக்காது. முந்நூறு பேருக்கு ஒரு பம்பு என்பது அந்நாட்டுக் கணக்கு. நான் பார்த்த இடங்களில் வரிசை அதைவிட நீளம். மஞ்சள் நிற இருபது லிட்டர் கேன்கள் வெயிலில் நின்றன, ஆள் இல்லாத இடத்தில் ஒரு கல். எங்கள் தெருவிலும் குடத்துக்குப் பதில் கல்தான் நிற்கும்.

அந்த வரிசையின் தலைமாட்டில் நின்ற பம்பைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் ஊர் அடிபம்பு! அதே மூன்று கால், அதே கனத்த கைப்பிடி, அடிக்கும்போது உள்ளே செயின் எழுப்பும் அதே சத்தம். 1970-களில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான மார்க் 2 பம்பைத்தான் அவர்கள் யு-2 என்கிறார்கள். கோவை வட்டாரத்துக் கிராமங்களில் 1980-களில் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்ததிலிருந்து பிறந்த மார்க் 3-க்கு அங்கே யு-3 என்று பெயர். எங்கள் மண்ணில் தேறிய பம்பு, அந்த மக்களின் உயிரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

பம்பு இருந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் காலையில் முதல் நூறு முறை அடிக்கும் வரை செம்மண் கரைத்தது போல் வந்தது. தேநீர் போட்டால் மை போலக் கறுக்கிறது, வெள்ளைத் துணி பழுத்துவிடுகிறது, இரும்பு நாற்றம் வேறு. மக்கள் பம்பை விட்டுவிட்டுச் சதுப்பு நிலத்துக் குட்டைக்கே போனார்கள். பார்வைக்குத் தெளிந்த அந்தக் குட்டையில்தான் மாடும் இறங்குகிறது. புதிய கிணறு போட வந்தவனுக்கு, பழைய கிணற்றின் குழாயை மாற்றும் வேலைதான் காத்திருந்தது.

காரணம் குழாய்தான். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புக் குழாயை அது அரித்துத் தின்றுவிடும். புதிதாக அந்தக் குழாய்களைப் போட வேண்டாம் என்று உகாண்டா அரசு 2016-லேயே சொல்லிவிட்டது, பழையவை பூமிக்குள் கிடக்கின்றன. துருவா, நிலத்திலேயே உள்ள இரும்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விடியற்காலை முதல் தண்ணீரில் ஒரு மாதிரி, விடாமல் ஒரு மணி நேரம் அடித்த பிறகு இன்னொரு மாதிரி. இரண்டாவதில் இரும்பு சட்டென்று இறங்கினால் குழாய்தான் குற்றவாளி. பதினோரு பம்புகளில் பத்து அப்படித்தான் காட்டின.

மூன்றாவது பம்பில் தவறு செய்தேன். மூன்று மீட்டர் குழாய்கள் பன்னிரண்டு. ஏழு வரை வந்துவிட்டன. கிளாம்பு பிடித்த இடத்துக்குக் கீழே நூல் துருவில் தேய்ந்து தாள் போல ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். கயிற்றின் கனம் போய்விட்டது. மீதிக் குழாய்களும் சிலிண்டரும் அடியில். ஒரு பேச்சும் இல்லை. பம்பைக் காக்கும் பொறுப்பில் இருந்த மூதாட்டி குனிந்து துளைக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிவப்புத் தண்ணீராவது வந்த பம்பு, என் கையால் ஒன்றுமில்லாமல் போனது.

பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில், கீழே விழுந்த குழாயின் வாய்க்குள் நுழைந்து கவ்வும்படி கூம்பு போல ஓர் இரும்பைக் கடைந்து, நூல் வெட்டி வாங்கினோம். முதல் நாள் பிடி கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் பிடித்து, பாதியில் நழுவியது. அந்த இரண்டு நாளும் பெண்கள் கேனைத் தலையில் வைத்துக் குட்டைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், உள்ளூர் மெக்கானிக் கயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருகினார். பிடித்துக்கொண்டது. மேலே வந்த ஒன்பதாவது குழாயில் என் கட்டைவிரல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நூலையும் விரலால் தடவிப் பார்க்காமல் எந்தக் குழாயையும் தூக்கவில்லை.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கி, புது வாஷர் போட்டு, குளோரின் ஊற்றி ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் நாற்றம் போகும் வரை அடித்து வெளியேற்றினோம். தெளிந்த முதல் கேனை மூதாட்டி கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "அப்வோயோ" என்றார். நன்றி என்று பொருள். என் வாழ்நாளில் வாங்கிய கூலிகளில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

நாலரை மாதத்தில் பத்து பம்புகள் முடிந்தன. ஊர்க்குழு வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலித்து வாஷருக்கும் மெக்கானிக்குக்கும் எடுத்து வைக்கிறது. அது நடக்கும் ஊரில் பம்பு பிழைக்கிறது, நடக்காத ஊரில் நான் போட்ட குழாயும் ஒருநாள் சும்மா நிற்கும். இரண்டு ஊர்களில் பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருப்பது என்ற சண்டை நான் கிளம்பும் வரை தீரவில்லை.

பதினோராவது பம்பில் ஒரு மணி நேரம் அடித்தும் இரும்பு இறங்கவில்லை. அங்கே நிலமே அப்படி. குழாயை மாற்றியும் தண்ணீர் பழுப்பாகத்தான் வந்தது. தண்ணீரைக் காற்றில் கொட்டவிட்டு, ஜல்லி, மணல் வழியாக வடித்தால் இரும்பு தங்கிவிடும். அதற்கான சிறு தொட்டியின் படத்தை இப்போது அந்த மெக்கானிக்கும் நானும் வாட்ஸ்அப்பில் வரைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நேற்று அவர் மணல் சலித்த படம் அனுப்பினார். இன்னும் கொஞ்சம் பருமனாக வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.