பிள்ளை பிறந்தபின் ரத்தம் நிற்காவிட்டால்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு இது.

சுகப்பிரசவத்தில் 500 மி.லி. ரத்தம் போனாலே உடனே சிகிச்சை வேண்டும். கண்மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே காட்டும். தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு அதற்குத்தான். கருப்பை சுருங்காததே முக்கியக் காரணம். அது கெட்டியாகும்வரை வயிற்றின்மேல் தேய்த்துவிட வேண்டும், கூடவே கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் மருந்து டிரிப். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் ரத்தக்குழாய் வழியாக, 10 நிமிடத்தில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்; தாமதிக்கும் ஒவ்வொரு கால் மணியிலும் பலன் குறையும். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, கிழிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கா உட்பட 4 நாடுகளில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் சேர்த்தே செய்தபோது கடுமையான பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது.

பிரஷர் உள்ள பெண்ணுக்கு, கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான எர்கோமெட்ரின் ஆகாது, தயவுசெய்து முன்பே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பியபின் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.