புளூபேர்ட் பெட்டி, இரண்டாம் வருடம்

புளூபேர்ட் என்ற சின்ன நீலப் பறவை கூடு கட்டுவதற்காகத் தோட்டத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தேன். போன வருடம் ஏப்ரலில் அதைத் திறந்தபோது புளூபேர்டின் ஐந்து முட்டைகளிலும் ஓட்டை. அவற்றின் மேலேயே வைக்கோலும் பிளாஸ்டிக் துண்டுகளுமாகச் சிட்டுக்குருவி தன் கூட்டைக் கட்டி முடித்திருந்தது. இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இந்த வருடம் மே 2-ஆம் தேதி அதே பெட்டியிலிருந்து நான்கு குஞ்சுகள் பறந்து போயின. நடுவில் எதையெல்லாம் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே பக்கம். இங்கே கிழக்கத்திய புளூபேர்டை வருடம் முழுக்கப் பார்க்கலாம். ஆணுக்கு முதுகெல்லாம் அடர்நீலம், நெஞ்சு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. குடிவந்த முதல் குளிர்காலத்தில் வேலியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தோட்டத்துக்கு இது வந்தால் வீட்டில் சந்தோஷம் தங்கும் என்று தன் அம்மா சொல்வார் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நியூயார்க்குக்கும் மிசௌரிக்கும் இதுதான் மாநிலப் பறவை. மேற்கே நவஹோ பழங்குடி மக்கள் மலை புளூபேர்டை விடியலோடு சேர்த்தே நினைக்கிறார்கள். அந்த நீலத்தை ஒருமுறை வெயிலில் பார்த்த பிறகு இதற்கெல்லாம் காரணம் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வளவு பேர் கொண்டாடும் பறவை இருபதாம் நூற்றாண்டில் பல இடங்களில் கண்ணிலேயே படாத அளவுக்குக் குறைந்துபோனது. அதற்கு மரத்தைக் கொத்திப் பொந்து போடத் தெரியாது, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தைத்தான் நம்பி இருக்கிறது. பட்ட மரங்களை வெட்டினார்கள், பொந்து விழுந்த மர வேலிக்கால்களை எடுத்துவிட்டு இரும்புக் கால் நட்டார்கள். மிச்சமிருந்த பொந்துகளுக்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்துவிட்ட ஸ்டார்லிங்கும் சிட்டுக்குருவியும் போட்டிக்கு வந்தன. லாரன்ஸ் ஜெலெனி என்பவர் 1978-இல் வட அமெரிக்க புளூபேர்ட் சங்கத்தைத் தொடங்கினார், ஊர் ஊராக மக்கள் பெட்டி செய்து மாட்டினார்கள், பறவை திரும்பி வந்தது. பலகையும் ஆணியும் கொண்டு மீட்டெடுத்த அதிர்ஷ்டம் என்பதாலேயே எனக்கு இதன்மேல் கூடுதல் பிரியம்.

பெட்டி செய்வது கஷ்டமில்லை. பெயின்ட் அடிக்காத தேவதாருப் பலகை, முக்கால் அங்குலத் தடிமன். உள்ளே தரை நான்குக்கு நான்கு அங்குலம். வாசல் ஓட்டை சரியாக ஒன்றரை அங்குலம், அதற்குமேல் போனால் ஸ்டார்லிங் நுழைந்துவிடும். தரையில் தண்ணீர் வடிய மூலைகளில் துளை, கூரைக்குக் கீழே காற்றுக்குச் சின்ன இடைவெளி, ஒரு பக்கப் பலகை திறந்து மூடும்படி. போன வருடம் அழகுக்காக வாசலுக்குக் கீழே ஒரு குச்சி வைத்தேன். அது தப்பு. புளூபேர்டுக்குக் குச்சி தேவையில்லை, சிட்டுக்குருவிக்குத்தான் உட்கார வசதி. இந்த முறை பிடுங்கிவிட்டேன். மரக்கம்பத்துக்குப் பதில் இரும்புக் குழாய் நட்டு, பாம்பும் ரக்கூனும் ஏறாமல் இருக்க எட்டு அங்குல விட்டத்தில் இரண்டடி நீளத் தகரக் குழாயை நடுவில் மாட்டினேன்.

பெரிய தப்பு வேறு. பெட்டி சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருந்தது, தினமும் காலையில் நான் அங்கேதான் நொய் தூவுவேன். ஊரில் பழகிய பழக்கம். சிட்டுக்குருவிகளை நானே சாப்பாடு போட்டு அழைத்து, பக்கத்திலேயே புளூபேர்டையும் குடிவைத்திருக்கிறேன்! இந்த வருடம் நொய்யை நிறுத்தினேன். பெட்டியை வீட்டிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி, பின்பக்கப் புல்வெளி ஓரத்தில், வாசல் கிழக்கே பார்க்க மாட்டினேன். சிட்டுக்குருவி கட்டடங்களை ஒட்டியே வாழும், புளூபேர்டுக்கோ புழு பூச்சி பார்த்துப் பாய வெட்டவெளி வேண்டும்.

அப்படியும் மார்ச் முதல் வாரத்தில் ஓர் ஆண் சிட்டுக்குருவி வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டது. இதற்கு ஜோடியைவிட இடத்தின்மேல்தான் பிடிப்பு அதிகம், கூட்டைக் கலைத்தாலும் மறுநாளே வைக்கோலோடு வந்து நிற்கும். உள்நாட்டுப் பறவைகளின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்க அமெரிக்காவின் 1918-ஆம் வருடப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் விடாது, சிட்டுக்குருவிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே முட்டை வைப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டியதுதான். சட்டம் சொல்லிவிட்டது, கை வரவில்லை.

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) அறுப்பு முடிந்ததும் முதல் வேலையாக நெற்கதிரைப் பின்னி வாசலில் தொங்கவிடுவார், குருவிகளுக்காக. வீட்டுக்குள் விட்டத்தில் கூடு கட்டினால் குஞ்சு பறக்கும்வரை அந்த அறையில் ஃபேன் ஓடாது. வியர்த்து வழிந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டோம். இங்கே நடந்ததை வீடியோ காலில் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "கூட்டைக் கலைக்காத கண்ணு, குடும்பத்துக்கு ஆகாது" என்றார். துளைபட்ட முட்டைகளின் போட்டோவை அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "முட்டை வைக்கறதுக்குள்ள எடுத்துரு" என்று மட்டும் பதில் வந்தது.

இரண்டு வாரத்தில் ஆறு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்தது, அது பழகவேயில்லை. ஏழாவது முறைக்கு அவசியம் வரவில்லை, அந்த ஆண் வேறெங்கோ போய்விட்டது.

மார்ச் 20 வாக்கில் புளூபேர்ட் பெண் பைன் ஊசி சுமக்க ஆரம்பித்தது. ஐந்து நாளில் உள்ளே கிண்ணம் போல வழவழப்பான கூடு. 28-ஆம் தேதி முதல் முட்டை, வெளிர்நீலம். அன்று சாயங்காலமே கூரைக்கு மேலே ஒரு சட்டம் கட்டி ஜிகினா நாடாக்களைத் தொங்கவிட்டேன். காற்றில் அவை ஆடும்போது சிட்டுக்குருவி கிட்டே வரத் தயங்கும், ஏற்கெனவே முட்டையிட்ட புளூபேர்ட் பொறுத்துக்கொள்ளும். அது திரும்பி உள்ளே போகிறதா என்று முக்கால் மணி நேரம் புல்வெளியில் நின்றிருந்தேன். போய்விட்டது. தினம் ஒன்றாக ஏப்ரல் 1-க்குள் ஐந்து முட்டை. ஏப்ரல் 14-இல் நான்கு பொரிந்தன, ஒன்று கடைசிவரை பொரியவில்லை. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை, பயந்துபோய் இறக்கை முற்றாமலே குதித்துவிடும். மே 2 காலையில் முதல் குஞ்சு எதிரே இருந்த மரத்துக்குத் தத்தித் தாவிப் போனபோது நான் அழுதுவிட்டேன்.

கூட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு நீல இறகு கிடைத்தது. கையில் வைத்தால் நீலம், சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நீலம் மறைந்து மங்கலான பழுப்பு. இறகில் நீலச் சாயமே கிடையாது, உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றுக்குமிழ்களில் ஒளி சிதறித்தான் அந்த நிறம் வருகிறது. இறகை வீட்டில் வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் அனுமதிக்காது, நான்கைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு புல்லிலேயே விட்டுவிட்டேன்.

கோபியில் அம்மா இந்த வருடம் வாசலில் இரண்டு கதிர் கட்டியிருக்கிறார், ஒன்று என் பேரில்.

இன்று மே 10. பெண் மறுபடியும் பைன் ஊசி கொண்டுவருகிறது, இரண்டாவது ஈட்டுக்கு. பக்கத்து வீட்டுக் கூரை விளிம்பில் ஓர் ஆண் சிட்டுக்குருவியும் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது. ஜிகினாவைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன், முதல் முட்டை விழுந்ததும் மாட்ட வேண்டும்.