கிளாமிஸ் போகும் வரை

அக்டோபர் 6
அண்ணாவைக் கிளாமிஸ் மணல்மேடுகளுக்குக் கூட்டிப்போக, அந்த 26 அடி டாய் ஹாலரை, பின்பாதி கராஜாக இருக்கும் வீட்டு ட்ரெய்லரை, மறுபடி போய்ப் பார்த்தேன். ராம்ப் கதவை இறக்கினால் என் மணல் வண்டி ஆர்இசட்ஆர் நேராக கராஜுக்குள் ஏறிவிடும், முன்னால் படுக்கை, பக்கத்திலேயே பாத்ரூம், ராத்திரி எழுந்தால் அண்ணாவுக்கு இரண்டே எட்டு. முழுசாக ஏற்றினாலும் 9,500 பவுண்டுதான், உங்கள் எஃப் 150 டிரக் பதினோராயிரம் இழுக்குமே என்றார் விற்பவர். இழுக்கும், சரி. தாங்குமா?

அக்டோபர் 7
ராத்திரி டார்ச் எடுத்துப் போய் டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஆளும் சாமானும் சேர்த்து 1,512 பவுண்டைத் தாண்டக் கூடாது. ட்ரெய்லர் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிட்சை அமுக்கும் எடையும் இதற்குள்தான் வரும், அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தே ஆக வேண்டும், குறைந்தால் ட்ரெய்லர் ரோட்டில் வாலாட்ட ஆரம்பித்துவிடும். 9,500க்கு 13 சதவீதம் 1,235. ஹிட்ச் 90. மிச்சம் 187. நான் 181. நான் ஏறி உட்கார்ந்தாலே தீர்ந்தது, அண்ணாவுக்கு இடமில்லை. அண்ணாவுக்காகத்தானே இதெல்லாம்!

அக்டோபர் 9
அண்ணாவின் ஸ்கேன் ரிசல்ட் வரவில்லை.

அக்டோபர் 12
இன்றைக்குப் பார்த்த எல்லா ட்ரெய்லருக்கும் அடியில் படுத்துத் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கராஜ் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் காலியாக இருக்கும்போது மூக்கு கனக்கும், பின்னால் வண்டியை ஏற்றினால் லேசாகிவிடும், இதில் தொட்டி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிப்போகும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 80 காலன் என்றால் 660க்கு மேல். இதை யாருமே சொல்வதில்லை, காலி எடையைத்தான் பெரிசாகப் போட்டு வைக்கிறார்கள்.

அக்டோபர் 15
கணக்குக்காக அண்ணியிடம் அண்ணாவின் எடையைக் கேட்டேன். 137. ஜூனில் 170 இருந்தார். நான் 170 என்றே எழுதி வைத்திருக்கிறேன். மாற்ற மாட்டேன்.

அக்டோபர் 21
இன்னும் அதிக பாரம் தாங்கும் எஃப் 250 டிரக்கின் விலை விசாரித்தேன். முடியாது.

அக்டோபர் 26
வாங்கியாச்சு. 19 அடி. ஆர்இசட்ஆர் வராது, அண்ணாவின் பழைய ஹோண்டா பைக் மட்டும். போனில் சொன்னேன். "டேய், நான் என்ன ஓட்டவா போறேன், மணல்ல கொஞ்ச நேரம் உட்காரணும், அவ்வளவுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பைக் வருகிறது.

நவம்பர் 2
டிரக் ஸ்டாப் எடை மேடைக்குப் போனேன். தொட்டி நிறையத் தண்ணீர், பைக் ஏற்றி, எடையைப் பகிர்ந்து கொடுக்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஒரு தடவை. டிரக் தனியாக 5,800, ட்ரெய்லரோடு 6,660, ட்ரெய்லர் ஆக்சில்களில் 5,940. அப்படியென்றால் மூக்கில் 860, மொத்தம் 6,800, பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். டிரக்கின் வரம்பு 7,050. இன்னும் 390 இருக்கிறது. அண்ணா, அண்ணி, பைகள், மருந்துப் பெட்டி, எல்லாம் அடங்கும். அந்த எடைச் சீட்டை சன் வைசரில் செருகி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 9
ஐ-10 ஹைவேயில் நல்ல காற்று. பெரிய லாரி தாண்டும்போது ட்ரெய்லரை முதலில் தள்ளிவிட்டு அப்புறம் தன் பக்கம் இழுக்கிறது. ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை மிதிக்கவே கூடாது, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, கண்ட்ரோலரில் இருக்கும் லீவரை அமுக்கி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். கை தானாக அங்கே போகும்வரை காலி ரோட்டில் பழகினேன். பின் சீட்டில் அண்ணா தூங்கிக்கொண்டு வருவார், ஒரு குலுக்கல்கூட இருக்கக் கூடாது.

நவம்பர் 16
ரிசல்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு வா என்றார் அண்ணி.

நவம்பர் 17
தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் வேண்டாம், இந்த வெள்ளிக்கிழமையே போகலாம் என்கிறார் அண்ணா. சரி. அப்போது கூட்டமும் இருக்காது. ஐ-8ல் கிலா பெண்ட், யூமா, அப்புறம் ஓகில்பி ரோட்டில் வடக்கே ஏறி 78ஆம் ஹைவே. கலிஃபோர்னியாவுக்குள் ட்ரெய்லரோடு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது, அண்ணாவுக்கும் அந்த வேகம்தான் நல்லது. மணலுக்குள் போக பெர்மிட் வாங்கணும். ட்ரெய்லரின் பாதுகாப்புச் செயினைக் குறுக்காகத்தான் மாட்டணும். டயர் பிரஷர் நாளைக் காலையில், வெயில் ஏறுவதற்குள்.