ஹீட்டர்-கூலரின் ஃபேன் எந்தப் பக்கம் பார்க்கிறது?

இதய அறுவை தியேட்டரின் சீலிங்கில் இருக்கும், காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். சரி, ஆனால் உள்ளே நிற்பவர்களின் தோலிலிருந்து உதிரும் கிருமி ஒட்டிய செதிலை அது என்ன செய்யும்? கதவை அடிக்கடி திறந்தால் பாசிட்டிவ் பிரஷர் (வெளியைவிட உள்ளே கூடுதலாக வைத்திருக்கும் காற்றழுத்தம்) விழுந்து காரிடார் காற்றும் நுழையும். விளக்கை நெஞ்சுக்கு நேர் மேலே இழுத்தால் இறங்கும் காற்று அதில் முட்டிச் சுழலும்.

பலர் கவனிக்காதது ஹீட்டர்-கூலர், அதாவது ஆபரேஷனின்போது நோயாளியின் ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் குழாய் வழியே தண்ணீர் அனுப்பும் மெஷின். அதன் தொட்டித் தண்ணீரில் வளரும் மைக்கோபாக்டீரியம் கைமீரா என்ற பாக்டீரியா, ஃபேன் காற்றில் நுண்துளியாகப் பறந்து திறந்த நெஞ்சில் இறங்கும். நோய் வெளிப்பட மாதங்கள், ஏன், வருடங்கள்கூட ஆகலாம். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மெஷினை வெளியே வைத்து, குழாயை மட்டும் சுவர் வழியே விடுவதே உத்தமம். முடியாதா? ஃபேன் வாய் டேபிளைப் பார்க்காமல் அறைக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் கிரில் பக்கம் இருக்கட்டும். தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டியதை ஊற்றுங்கள்.