திரையை அணைத்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்

டெங்கு பற்றிப் பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. மேலிடத்திலிருந்து வரும் ஸ்லைடுகளில் எழுத்து நிரம்பி வழியும். இரண்டாவது ஸ்லைடிலேயே பின்வரிசை போனை எடுத்துவிடும்.

அதனால் கையோடு ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டுபோகிறேன். வாயில் வலைத்துணி கட்டியிருக்கும். உள்ளே நெளியும் கொசுப்புழுக்கள். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'B' விசையைத் தட்டினால் பவர்பாயின்ட் திரை கறுத்துவிடும். அப்புறம் பாட்டிலைக் கைமாற்றி விடுவேன். "இது எந்த வீட்டுத் தண்ணீர் சார்?" என்று யாராவது கேட்பார்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டு என்றதும் முகங்கள் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

2009இல் பில் கேட்ஸ் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சி மேடையில் மலேரியா பற்றிப் பேசும்போது கொசுக்களையே திறந்துவிட்டார் (கிருமி இல்லாதவைதான்). நான் அப்படிச் செய்தால் தலைமையாசிரியர் சும்மா விடுவாரா?

அடுத்து ஒரு காய்ந்த பிளாஸ்டிக் வாளி. இது ஆபத்தா, கை தூக்குங்கள் என்பேன். அநேகமாக யாரும் தூக்க மாட்டார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும் என்று சொன்னதும் கேள்விகள் கிளம்பிவிடும். மிச்ச ஸ்லைடுகளுக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் நான் போடமாட்டேன்.