கண்மாய் வரைபடத் திட்டத்தில் மாணவ உதவியாளராகச் சேர்ந்த கதை

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தொடங்கிய ஜூலையில் துறைப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மதுரைக்கு மேற்கே உள்ள கண்மாய்களை வரைபடமாக்கும் திட்டத்துக்கு மாணவ உதவியாளர்கள் நான்கு பேர் தேவை. வாரத்துக்கு 15 மணி நேரம், மாதம் 6,000 ரூபாய், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்திருந்தால் நல்லது என்று இருந்தது. எனக்கு அந்த மென்பொருள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் கண்மாய் தெரியும். எங்கள் ஊர் செக்கானூரணிப் பக்கம். சின்ன வயதில் கண்மாய் நிறைந்து மறுகால் போகிற அன்று பள்ளிக்கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில்தான் நிற்போம்.

விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல், ஒரு ஆசிரியரின் பரிந்துரை, ஒரு பக்கக் கடிதம் கேட்டார்கள். முதலில் எழுதிய கடிதத்தில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு, பருவநிலை மாற்றம் என்று ஏதேதோ எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் போல இருந்தது. கிழித்துவிட்டு, எங்கள் கண்மாயின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். விண்ணப்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குத் தெரிந்த ஒரு நீர்நிலையைப் பற்றி எழுதுங்கள்.

அடுத்தது கணினித் தேர்வு, ஒரு மணி நேரம். ஸ்கேன் செய்த பழைய நிலவரைபடத் தாள் ஒன்று, இரண்டு கோப்புகளில் கண்மாய்ப் புள்ளிகள். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும். முதல் கோப்பு சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதைத் திறந்தேன், திரையில் எதையும் காணோம். பெரிதாக்கி, சிறிதாக்கித் தேடினால் எங்கள் கண்மாய்கள் எல்லாம் இலங்கைக்கும் கிழக்கே வங்கக் கடலில் கிடக்கின்றன. கை நடுங்கிவிட்டது. 20 நிமிடம் அதிலேயே போனது.

விஷயம் என்னவென்றால், உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக மண்டலம் பிரிக்கிற யூடிஎம் முறையில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிற கோடு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அது மதுரை நகரத்துக்குச் சற்று மேற்கே வடக்கு தெற்காகப் போகிறது. அதாவது உசிலம்பட்டி 43-இல், மேலூர் 44-இல். ஒரே மாவட்டம், இரண்டு மண்டலம். இரண்டாவது கோப்பில் 43-இன் எண்கள் இருந்தன, யாரோ 44 என்று குறித்துவிட்டார்கள். அதனால் சரியாக ஆறு டிகிரி கிழக்கே தள்ளிப் போய் விழுந்துவிட்டது. திருத்தினேன். ஆனால் நேரம் முடிந்துவிட்டது, நிலவரைபடத் தாளை முழுசாகப் பொருத்த முடியவில்லை. என்ன தவறு, ஏன் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நான்கு வரி எழுதி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நான்கு வரிதான் என்னைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்று பிற்பாடு சொன்னார்கள். மதுரை மாவட்டத்தில் இந்த வேலை செய்யப் போகிறவர்கள் முதல் நாளே இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "இது கண்மாய், ஆனா பச்சையாத் தெரியுது. தண்ணி இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்கள். வண்டியூர்க் கண்மாயில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்ததைப் பார்த்திருந்ததால், "படத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது சார், கீழே தண்ணி இருக்கலாம்" என்றேன். தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும், இலை அதைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணினி தண்ணீரைப் பிரித்தெடுக்கிறது. மேலே இலை மூடிவிட்டால் நிறைந்த கண்மாய்கூடத் தோட்டமாகத் தெரியும். வறண்ட கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டினாலும் அதே பச்சைதான். அப்படியானால் என்ன செய்வீர்கள் என்றார்கள். போய்ப் பார்ப்பேன் என்றேன்.

போய்ப் பார்ப்பதுதான் உண்மையில் வேலையே. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை அதில் தெரியாது. கலுங்கும் தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு கண்மாய்க்கும் இரண்டு பேராகப் போய், கரையில் முழுக்க நடந்து, மடைகள், கலுங்கு, வரத்துக் கால்வாய் வாய் எல்லாவற்றையும் ஜிபிஎஸ்-இல் பதிய வேண்டும். காலை ஆறரைக்கே பேருந்து பிடித்துவிடுவோம். செருப்போடு போகாதீர்கள். இரண்டாவது நாளே கருவேல முள் என் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது, ஒரு வாரம் நொண்டினேன்.

ஊருக்குள் போனால் முதல் கேள்வி, "நிலம் எடுக்க வந்திருக்கீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். ஒரு ஊரில் கரையிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது, அளக்க வந்தவர்களால் அவர்களுக்கு நல்லது நடந்ததைவிடக் கெட்டது நடந்ததுதான் அதிகமாக இருந்திருக்கும். மறுநாள் ஊராட்சித் தலைவரைப் பார்த்து விளக்கிவிட்டு, அப்புறம்தான் கரை ஏறினோம். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீக்கடை, பிறகுதான் கண்மாய் என்று வைத்துக்கொண்டோம்.

திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயில் நீர்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுகிறவராக இருந்த தாத்தா ஒருவரைப் பார்த்தோம். எழுபதுக்கு மேல் இருக்கும். படத்தில் கண்மாயின் நடுவே சின்னதாக ஒரு குட்டை மட்டும் நீலமாகத் தெரிந்தது. அதைக் காட்டி, "இவ்வளவுதான் தண்ணி நிக்குமா தாத்தா?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் என்னைக் கலுங்குக்குக் கூட்டிப் போனார். வரிசையாக நட்டிருந்த கற்களில் ஒன்றின் மேல் கையை வைத்தார். கல்லில் இடுப்பளவுக்குப் பாசி காய்ந்து கருத்த கோடு ஓடியிருந்தது. "இந்தக் கோடு வரைக்கும் நின்னா, அந்தா தெரியுது பாரு தாயி பனமரம், அதுந் தூர்ல அலையடிக்கும். இப்ப முள்ளு மண்டிக் கெடக்கு. ஆனா அதுவும் கண்மாதான்."

பனைமரம் நாங்கள் வரைந்திருந்த எல்லைக்கு வெகு தூரம் தள்ளி இருந்தது. முட்களுக்குள் நுழைந்து அந்தத் தூர்வரை போய்ப் புள்ளி வைத்தோம். தண்ணீர் தேங்குகிற உள்வாய் முழுவதும் வரைபடத்துக்குள் வந்தது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் எல்லோரும் முதலில் கலுங்கு உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லை போடுகிறோம்.

அலுவலக வேலை சலிப்பானதுதான். நில அளவைப் புலப்படங்களோடு சர்வே எண்ணைச் சரிபார்க்க வேண்டும், ஹெக்டேரை ஏக்கராக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத்துறை, கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்துப் போட வேண்டும். வாரம் இரண்டு நாள் இப்படி ஓடும். தேர்வு நேரத்தில் மட்டும் கொஞ்சம் திணறினேன்.

மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவித்தபோது, 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று எண்ணிச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு அப்படி எண்ணிச் சொல்ல யாரும் வந்ததில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குச் சம்பளத்துக்கும் மேலே ஒன்றாகிவிட்டது.

எங்களுக்குக் கொடுத்த படிவத்தில் 'மடை எண்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் மடையை எண்ணால் சொல்வதில்லை. பெரிய மடை, நடு மடை, கோயில் மடை என்று பெயர்தான் சொல்வார்கள். பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டு சேர்த்தார்கள். இதுவரை முடித்த 41 கண்மாய்களில் ஒரே ஒரு மடைக்குத்தான் பெயர் எழுதாமல் இருக்கிறது. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிற ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.