நண்பகலில் நகர்ந்த புள்ளிகள்

மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, முதுநிலை மாணவர்களுக்காக, ஒளியலையின் நெளிவை அளக்கும் ஷாக்–ஹார்ட்மன் அலைமுகப்பு உணரி ஒன்றை அமைத்தோம். விண்மீனிலிருந்து சமதளமாக வரும் ஒளியலை, வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் திரள்களைக் கடக்கையில் நெளிந்துவிடுகிறது. அறுவடை முடிந்த வயலுக்கு அப்பால் சித்திரை வெயிலில் கோயில் கோபுரம் நெளிவதும் இதே காரணத்தால்தான் என்றதும் மாணவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நெளிவை அளந்து அவ்வப்போதே நேராக்கலாம் என்ற கருத்தை அமெரிக்க வானியலர் ஹோரஸ் பாப்காக் 1953-இல் முன்வைத்தார். அளப்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட வழி, ஒளியைத் தனித்தனிக் கற்றைகளாகப் பிரிக்கும், வானியலர் ஹார்ட்மனின் துளைத்தட்டில் துளைகள் இருந்த இடத்தில் ரோலண்ட் ஷாக்கும் பென் பிளாட்டும் 1971-இல் நுண்வில்லைகளை வைத்து உருவாக்கியது.

ஒவ்வொரு நுண்வில்லையும் கேமராவில் ஒரு புள்ளியைக் குவிக்கும். தன்மேல் விழும் அலைத்துண்டு சாய்ந்த அளவுக்கு அப்புள்ளி இடம் பெயரும். ஆனால் எந்த இடத்திலிருந்து பெயர்ந்தது என்பதை உணரி தானாக அறியாது. அந்த மூலநிலையை நாம்தான் முன்கூட்டிப் பதிந்து கொடுக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு அப்பதிவை எடுத்தோம். நண்பகலில் புள்ளிகள் அனைத்தும் ஒரே திசையில் விலகியிருந்தன. நடைக்கூடத்தின் சூடான காற்றே காரணம் என்று நம்பி, மின்விசிறியை நிறுத்தி, கதவுகளை அடைத்து, இரண்டு நாள்களைச் செலவிட்டேன். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர், "காத்துன்னா அங்கயும் இங்கயும்ல சார் ஆடணும், இது ஒரே பக்கமா போவுதே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. காற்றின் நெளிவு சில மில்லி நொடிகளில் மாறிவிடும். சில நிமிடங்களுக்குச் சராசரி எடுத்தால் பெரும்பாலும் மறைந்துபோகும். மணிக்கணக்கில் ஒரே பக்கமாக நகர்ந்தது, வெயிலேற ஏறச் சூடாகி வளைந்த கேமராத் தாங்கியால். எங்கள் வில்லைகளின் குவியத் தொலைவு 5 மில்லிமீட்டர், தாங்கி 0.0002 ரேடியன் சாய்ந்தாலே புள்ளி 1 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத இச்சாய்வை உணரி காற்றின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. அளந்த நெளிவுக்கேற்ப வளைந்து அதை நேராக்கும் உருமாறும் ஆடியும் இணைந்திருந்தால், இல்லாத பிழையைத் திருத்தி நல்ல படிமத்தையே அது இடம் பெயர்த்திருக்கும். பெரிய தொலைநோக்கிகளின் கருவிக்குள்ளேயே செயற்கை ஒளிமூலம் வைத்து மூலநிலையைப் பதிவதன் அருமை எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதன்பின் மணிக்கொரு முறை மூலநிலையைப் பதிந்து, அறையின் வெப்பநிலையையும் குறிப்பேட்டில் எழுதலானோம். அந்த இரண்டு நாள்களின் தவறான பக்கங்களை நான் கிழிக்கவில்லை. புதிய மாணவர்களை முதலில் அவற்றையே படிக்கச் சொல்வேன்.